நாய்க்கு என்ன நட்சத்திரம்?

நாய் பார்த்துக்கொள்ளும் தொழிலில் நாயைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். மற்ற நேரமெல்லாம் உண்ணியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வீட்டில் நாயும் வீட்டைச் சுற்றி நாலு செடியும் வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நாயின் காது மடலைத் தூக்கிப் பார்த்துவிட்டு "ஐயோ சாமி" என்று உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரிதான். நான் எட்டாவதோடு நின்றவள். நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. மகள் கோயமுத்தூர், மகன் ஓசூர். மாடு விற்ற பிறகு வீட்டுக்குப் பின்னால் கொட்டகை சும்மா கிடந்தது. பக்கத்து வீட்டார் சபரிமலை போகும்போது அவர்கள் நாயை அங்கே கட்டிவிட்டுப் போனார்கள். அடுத்து இன்னொருவர், பேரனைப் பார்க்க அமெரிக்கா போகிறவர், விட்டுப் போனார். இப்படித்தான் இது தொழில் ஆனது. எனக்கே எப்போது ஆனதென்று சரியாகத் தெரியாது. காலையில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போவேன். அங்கேயும் ஒரு முருகன் காலண்டர் மாட்டி வைத்திருக்கிறேன்.

கிளீனர் வந்தது

தங்கராசு அடுத்த தெருவில் வாடகைக்கு இருக்கிற லாரி டிரைவர். வயது நாற்பதை நெருங்குகிறது. அப்பா அம்மா இல்லை. குணமான பையன், ஆனால் பெண் அமையவில்லை. நம் பக்கத்தில் இப்போது வீட்டுக்கு ஒரு பையன் இப்படி இருக்கிறான், உங்களுக்கே தெரியும். தரகர்கள்கூட அவன் போனை எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

அவனுடைய நாயின் பெயர் கிளீனர். எங்கோ ஒரு பஞ்சர் கடை வாசலில் குட்டியாக வண்டியில் ஏறிக்கொண்டதாம். லாரியில் கிளீனர் வைத்துக்கொள்கிற காலம் போய்விட்டதால், கிளீனர் உட்காருகிற இடத்தில் அது உட்கார்ந்தது, பெயரும் அதுவே ஆயிற்று. தங்கராசு டீயில் பன் நனைத்துப் பாதியைத் தான் தின்று பாதியை அதற்குக் கொடுப்பான். இந்த முறை அஸ்ஸாம் பக்கம் லோடு. வண்டி முதலாளி, "அவ்வளவு தூரத்துக்கு நாயெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டார். என்னிடம் கொண்டுவந்து விட்டான். கயிற்றை என் கையில் கொடுத்தான், திரும்ப வாங்கினான், மறுபடி கொடுத்தான்.

"சின்னம்மா, நான் ஊடு வந்து சேந்தா வாலாட்டறதுக்கு எனக்குன்னு இவன் ஒருத்தன்தானுங்க. பாத்துக்கங்க."

கொட்டைமுத்து

ஒரு நாள் காலையில் கொட்டகையைக் கூட்டும்போது சாம்பல் நிறத்தில் ஒன்று உருண்டு வந்தது. ஆமணக்கு விதை. எங்கள் பக்கம் கொட்டைமுத்து என்போம். வேலியோரம் ஊன்றி வைத்தால் முளைக்கும், மூட்டு வலிக்கு இலை ஆகும் என்று சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டேன். சமையலை முடித்துவிட்டு முடிச்சை அவிழ்த்தால், விதைக்குக் கால் இருக்கிறது. ஒன்றல்ல, வரிசையாக. நாய் ரத்தத்தைக் குடித்து உப்பிப்போன உண்ணி! நான் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக்காரர் கையில் பேப்பரோடு வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நல்ல விதைதான். ஊன்றதுக்கு முந்தியே நடக்குது பாரு."

யார் வீட்டு உண்ணி

அப்போது என்னிடம் மூன்று நாய்கள். கிளீனர், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி முதலாளி ஒருவருடைய ராஜபாளையம் நாய், ஜவுளிக்கடைக்காரர் வீட்டு அம்மாளின் பொமரேனியன் டெய்சி. தேடிப் பார்த்தால் மூன்றின் காதுக்குள்ளும், கால் விரல் இடுக்கிலும் உண்ணி. எந்த நாய் கொண்டுவந்தது, எந்த நாய் வாங்கிக்கொண்டது என்று ஒன்றும் புரியவில்லை. சொல்லாமல் இருப்பது தப்பு என்று ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ரிக் முதலாளி, "எங்க நாயி உண்ணிய அதுவே கடிச்சுத் துப்பிருமுங்க, அது வேற நாயிதுங்க" என்றார். தங்கராசுவுக்கு மட்டும் போடவில்லை. மலைப் பாதையில் லோடு வண்டி ஓட்டுகிறவனிடம் இதைப் போய்ச் சொல்லுவதா என்று விட்டுவிட்டேன்.

ஜவுளிக்கடை அம்மாள் அன்று மதியமே காரில் வந்துவிட்டார். டெய்சியின் ரோமத்தைப் பிரித்துக் காட்டினேன். ஒரு உண்ணி அவர் விரல் பக்கமாகவே நகர்ந்து வந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். முகம் மட்டும் கொஞ்சமும் மாறவில்லை.

"இது எங்க டெய்சியுது இல்லீங்க. அது ஏசி ரூம்ல இருக்கறது, உண்ணியெல்லாம் அந்தக் குளிரு தாங்காதுங்க."

எத்தனை கிலோ

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் வேப்பெண்ணெய் என்றார். ஒருவர் புகையிலைத் தண்ணீர் என்றார். பால்காரர் சீமெண்ணெய் என்றார். மகள் போனில், "அம்மா, சீமெண்ணெய் போட்டா நாய் தோலே வெந்துபோகும், வெறும் கையாலயும் நசுக்காத" என்று கத்தினாள். அப்போது நான் இன்னொரு கையில் உண்ணியோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினேன். தெய்வத்துக்கு ஆவது நாய்க்கும் ஆகும் என்று ஒரு நம்பிக்கை. மஞ்சள் நாய் மேல் நன்றாகப் பிடித்தது. உண்ணியும் மஞ்சள் பூசிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் கால்நடை மருந்துக் கடைக்குப் போனேன். பிடரியில் சொட்டாக விடுகிற மருந்து ஒன்று இருக்கிறதாம். நாய் என்ன எடையோ அதற்குத் தகுந்தாற்போல் விட வேண்டுமாம். "எத்தனை கிலோ இருக்குமுங்க?" என்றார் கடைக்காரர். கிளீனரை யார் எடை போட்டார்கள்? யோசித்து, "ஒரு அரிசிச் சிப்பம் தூக்கற மாதிரி இருக்குமுங்க" என்றேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். கடைக்காரர் சிரிக்கவே இல்லை, பேனாவை எடுத்தார்.

"பழைய இருபத்தஞ்சு கிலோ சிப்பமுங்களா, அதுக்கு வரி போட்டப்புறம் வந்துதே, அந்த இருபத்தாறு கிலோ சிப்பமுங்களா?"

ஓய்வு பெற்ற கோழிகள்

செடிகளுக்கு நடுவில் இருக்கிற உண்ணியை என்ன செய்வது? "கோழி விடுங்க, பொறுக்கித் தின்னுரும்" என்றார்கள். இது நானே கண்டதுதான். சின்ன வயதில் மாட்டின் தாடையில் இருக்கிற உண்ணியைக் கோழி எக்கிக் கொத்தித் தின்னும். நாட்டுக்கோழி கிடைக்கவில்லை. நம் ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் பண்ணைக் கோழிக்குப் பஞ்சம் வருமா? பக்கத்துப் பண்ணையில் முட்டை ஓய்ந்த வெள்ளைக் கோழி இரண்டு வாங்கிவந்து செம்பருத்திச் செடிக்கு அடியில் விட்டேன்.

இரண்டும் விட்ட இடத்திலேயே நின்றன. பிறந்ததிலிருந்து கம்பிக் கூண்டில் நின்றவை. மண்ணைக் காலால் தொட்டதும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டன. பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி, தீவனம் வரும் என்று கழுத்தை நீட்டிக் காத்திருந்தன. சாயங்காலம் வரைக்கும் அப்படியே. அவற்றின் காலடியில் ஒரு உண்ணி அதன் பாட்டுக்குப் போனது. எனக்கு ஒன்றும் புரியாமல் பண்ணைக்காரரையே கூட்டிவந்து காட்டினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுகளுக்குக் குஞ்சுலயே மூக்கு வெட்டியாச்சுங்க. உண்ணிய நீங்க புடிச்சுத் தட்டுல வெச்சீங்கன்னா வேணா திங்குமுங்க."

தயிர்ச் சோறு

மருந்து விட்டதில் டெய்சிக்கும் ராஜபாளையத்துக்கும் உண்ணி குறைந்தது. இரண்டும் வீட்டுக்குப் போய்விட்டன. கிளீனர் மட்டும் ஒரு நாள் சோற்றை மோந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. மறுநாள் தண்ணீரும் வேண்டாம் என்றது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைத் துணி மாதிரி இருந்தது. ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட இளையவள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் என்றாள். ஒரே ஒரு உண்ணி போதுமாம். குளுகோஸ் ஏற்றினாள், ஊசி போட்டாள், மாத்திரை எழுதினாள். "பொழைச்சுக்குமுங்களா டாக்டர்?" என்றேன். "தானா வாய் வெச்சு சாப்பிட ஆரம்பிச்சா நம்பலாம். அதுவரைக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள். அதற்குப் பிறகு என் காதில் வேறு எதுவுமே ஏறவில்லை. தங்கராசு கயிற்றைக் கொடுத்து, வாங்கி, மறுபடி கொடுத்ததே கண்ணில் நின்றது.

வீட்டில் மாத்திரையைப் பொடித்துத் தயிர்ச் சோற்றில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் வைத்துத் தடவிவிட்டேன். காய்ச்சலுக்குத் தயிர் குளிர்ச்சி என்று நான் வைத்த கணக்கு. அடுத்த முறை போனபோது பெருமையாக இதைச் சொன்னேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினாள். பாலும் தயிரும் சேர்ந்தால் அந்த மாத்திரை வேலை செய்வது குறைந்துபோகுமாம். அவள் அன்றைக்கே சொன்னாளாம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து அவளே என் தோளைத் தட்டினாள்.

"அழாதீங்கம்மா. இனிமே இட்லிக்குள்ள வெச்சுக் குடுங்க, சட்னிகூட வேண்டாம்."

காலண்டருக்குப் பின்னால்

அந்த டாக்டர் பெண் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தாள். நாய் மேல் இருப்பது கொஞ்சம்தானாம். மற்றதெல்லாம் சுவர் வெடிப்பிலும் புல் மண்டிய மூலையிலும் இருக்குமாம். ரத்தம் குடித்து முடித்ததும் இறங்கிப் போய், சுவரேறி, இடுக்கில் முட்டையிடுமாம். கொட்டகையைச் சுற்றிப் புல்லை வெட்டினோம். பழைய தென்னை மட்டைகளை அப்புறப்படுத்தினோம். வீட்டுக்காரர் மருந்து அடிக்கிற டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு சுவரெல்லாம் அடித்தார். ஒரு வெடிப்பிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கேதான் இருக்கிறது?

கடைசியாக முருகன் காலண்டரைத் தூக்கினேன். அதற்குப் பின்னால் பூச்சு உரிந்து ஒரு குழி. குழி முழுக்க. அதற்கு மேல் எழுத எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. தினமும் அந்தப் படத்துக்கு நேராக நின்றுதானே கும்பிட்டேன்! காலண்டரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, மருந்து அடிக்கலாமா, சாமிக்குப் பின்னால் இருந்த உயிராயிற்றே என்று குழம்பி நின்றேன். வீட்டுக்காரர் குழாயைக் குழிக்கு நேராகப் பிடித்தார்.

"அவரு சூரனைத்தான் பாத்துக்குவாரு. உண்ணியெல்லாம் நம்ம இலாகா, நீ தள்ளி நில்லு."

பெயர், நட்சத்திரம்

மாத்திரை இட்லிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் நான்தான் ஊட்ட வேண்டியிருந்தது. தானாக வாய் வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த இன்னொரு ஆஸ்பத்திரி கோயில்தான். தோலில் மரு, கொப்புளம் என்று வந்தால் நம் பக்கத்தில் மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போடுவோம் அல்லவா? கிளீனருக்காகவும் போட்டேன். அப்படியே மனசு கேட்காமல் பக்கத்துச் சிவன் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு?" என்றார். "கிளீனருங்க." நிமிர்ந்து பார்த்தார். "நாயிங்க. உடம்பு முடியலீங்க" என்றேன். நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. "நட்சத்திரம்?" பஞ்சர் கடை வாசலில் ஏறிய குட்டிக்கு யார் நட்சத்திரம் குறித்து வைத்தார்கள்? பின்னால் வரிசை நீண்டது. சாமி பேருக்கே செய்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை. குருக்களே ஒரு வழி சொன்னார்.

"அது யாரை நம்பி இருக்குதோ அவரு நட்சத்திரத்துக்குப் பண்ணிரலாம். கேட்டுட்டு வாங்கம்மா, நான் தட்டை வெச்சிருக்கறேன்."

போனில் கேட்டது

கோயில் வாசலில் நின்றே தங்கராசுவுக்குப் போன் போட்டேன். நல்லவேளை, வண்டியை ஓரம் கட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "எப்ப சாமி வருவே?" என்று கேட்டேன். "லோடு எறக்கிட்டு வேற லோடு ஏத்தியாச்சுங்க, திரும்பிட்டேன், வாரேனுங்க" என்றான். நாய்க்கு உடம்பு முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஸ்டியரிங்கும் மலையும் ஞாபகம் வந்தது. பொய்யும் சொல்லக்கூடாது. அதனால் வேறு எதுவும் சொல்லாமல், "உன் நட்சத்திரம் என்ன சாமி?" என்று மட்டும் கேட்டேன்.

அந்தப் பக்கம் தட்டைக் கீழே வைத்தான். பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. இதுவரைக்கும் நான் கேட்டிராத ஒரு மரியாதையான குரலில் பேசினான்.

"உத்திரட்டாதிங்க சின்னம்மா, மீன ராசிங்க. செவ்வா தோஷம் சுத்தமா இல்லீங்க."

நீலச் சட்டை

அர்ச்சனை முடித்து வீட்டுக்கு வந்து பார்த்தால், போனில் அவனுடைய ஜாதகக் கட்டம் வந்திருந்தது. கூடவே லாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஒரு படம். எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் என்ன செய்வதென்று விளங்கவில்லை. திருப்பிக் கூப்பிட்டுப் பெண் இல்லை என்றால், பிறகு எதற்கு நட்சத்திரம் என்பான். நாய்க்கு என்றால், நாய்க்கு என்ன என்பான். சொல்ல வழியில்லாமல், பூசை அறையில் போய் உட்கார்ந்தேன். நாய் பிழைக்க வேண்டும் என்று கேட்ட இடத்தில், இந்தப் பையனுக்கு நான் என்ன சொல்ல என்றும் சேர்த்துக் கேட்டேன்.

அவன் வந்த அன்று தலைக்குச் சாயம் பூசியிருந்தான். புது நீலச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. கையில் ஆப்பிள் ஒரு பை, மல்லிகைப் பூவும் கொஞ்சம். பூ எனக்குத்தானாம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு, "பொண்ணு எந்த ஊருங்க சின்னம்மா?" என்றான். அவன் கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். சாக்கில் கிளீனர் படுத்திருந்தது, விலா தெரிய. அவன் குரலைக் கேட்டுத் தலையைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. வால் மட்டும் ஒரு தரம் தரையில் தட்டியது. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். உண்ணி, காய்ச்சல், தயிர்ச் சோறு, குருக்கள் கேட்டது எல்லாம். அவன் கேட்டுக்கொண்டே புதுச் சட்டையோடு சாணித் தரையில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். காது மடலைத் தூக்கி உள்ளே பார்த்தான். பிறகு, "டீ இருக்குதுங்களா? ஒரு பன்னும்" என்றான். நான் பால் கூடாதே என்று பதறி, பால் ஊற்றாமல் டீ வைத்து ஆற்றிக் கொடுத்தேன். பன்னை நனைத்துப் பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டான். மீதிப் பாதியை ஊட்டவில்லை. லாரியில் செய்கிற மாதிரி பக்கத்தில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான். கிளீனர் மூக்கை நீட்டியது. மோந்தது. பிறகு நாக்கால் இழுத்துத் தின்றது.

நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "சாமி, உன்னை ஏமாத்தோணும்னு கேக்கலே. ஆசை காட்டிட்டேனே" என்றேன். அவன் சட்டையில் ஒட்டிய பன் துணுக்கைத் தட்டிவிட்டு, அடுத்த பன்னை நனைத்தான்.

"உடுங்க சின்னம்மா. எத்தனையோ பேரு கேட்டு வாங்கிட்டுப் போன நட்சத்திரமுங்க, இவனுக்காச்சும் பொருந்துச்சே."

அன்றிலிருந்து நாய் பார்க்கிற வேலையோடு தங்கராசுவுக்குப் பெண் பார்க்கிற வேலையையும் சேர்த்துச் செய்துவருகிறேன். இதுவரைக்கும் நான் தேடாமலே கிடைத்துக்கொண்டிருப்பது உண்ணி ஒன்றுதான்.